தவளையின் மரபணுவுக்குத் தலைப்பெழுத்து



அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியில் கோயில் கொண்டிருக்கும் கலியுக வரதராசப் பெருமாளின் பெயரைப் பிள்ளைகளுக்கு இடுவது பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளில் நெடுங்கால வழக்கம். ஆதலால் கலியபெருமாள் என்றும் கலியமூர்த்தி என்றும் பெயர் பூண்டோர் இப்பக்கத்து ஊர்களில் பலர் உண்டு. ஒரே வகுப்பில் மூன்று கலியபெருமாள்கள் அமர்ந்துவிட்டால், பெயரை மட்டும் சொல்லி அழைப்பதில் பயனில்லை. மூவரும் எழுந்து நிற்பர். கோ. கலியபெருமாள், இரா. கலியபெருமாள் என்று தலைப்பெழுத்தோடு அழைத்தால்தான் உரியவர் எழுவார். அந்த ஓரெழுத்து இரண்டு பணிகளைச் செய்கிறது. ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டுவது ஒன்று. அவர் யார் வீட்டுப் பிள்ளை என்று அறிவிப்பது மற்றொன்று. பாட்டனின் பெயரைத் தாங்குவதாலேயே ‘பெயரன்’ என்றும், அது மருவிப் ‘பேரன்’ என்றும் ஆயிற்று என்பர். பெயரும் உறவும் நம் மொழியில் அத்துணை நெருக்கமானவை.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், தவளைகளின் மரபணுக்களுக்கு விஞ்ஞானிகள் எவ்வாறு பெயரிடுகின்றனர், எவ்வாறு அவற்றைக் குடும்பம் குடும்பமாகப் பிரிக்கின்றனர் என்பது. ‘தவளைக்கே பெயர் தெரியாத நமக்கு அதன் மரபணுவின் பெயர் எதற்கு?’ என்று உங்களில் சிலர் நகைக்கக்கூடும். நகைப்பு அடங்கும்வரை பொறுத்துக் கேளுங்கள். இந்தப் பெயர்களில் ஓரெழுத்துத் தவறினால், தவளையில் கண்ட உண்மையை மனிதனின் நோய்க்குப் பொருத்திப் பார்க்கும் மருத்துவ ஆராய்ச்சி வழி மாறிப் போகும். ஆகவே இது வெறும் பெயர் விளையாட்டு அன்று.

முதலில் ஒரு கேள்வி. எவை எவற்றுக்கு உறவு என்று அறிவது எப்படி? பார்வைக்கு ஒத்திருந்தால் உறவு என்று சொல்லிவிடலாமா? இதற்கு விடை தேட நாம் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. பல கோடி ஆண்டுகளுக்கு முன் அரியலூர்ப் பகுதி கடலாக இருந்தது. அக்கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகள் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களிலும், காரை, குளக்காநத்தம் பக்கத்து ஓடைச் சரிவுகளிலும் கல்லாகிக் கிடக்கின்றன. சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள அடிமரம் ஒன்று கல்லாய்ச் சமைந்து கிடப்பதைப் பள்ளிச் சுற்றுலாவில் பலர் கண்டிருப்பீர்கள். 1860-களில் ஹென்றி பிளான்ஃபோர்டு, ஃபெர்டினாண்ட் ஸ்டோலிஸ்கா என்னும் அறிஞர்கள் இப்பகுதியின் தொல்லுயிர்களை ஆராய்ந்து, வகைப்படுத்தி, பெயரிட்டு நூல்களாக வெளியிட்டனர்.

அவ்வுயிர்களில் இரண்டைப் பாருங்கள். ஒன்று அம்மோனைட், மற்றொன்று நாட்டிலஸ். இரண்டும் ஆட்டுக்கடாவின் கொம்புபோல் சுருண்ட ஓடுடையவை. இரண்டின் ஓட்டினுள்ளும் அடுத்தடுத்துச் சிற்றறைகள் உண்டு. கண்டவர் எவரும் இவை உடன்பிறந்தவை என்றே சொல்வர். ஆனால் ஓட்டின் தொடக்கப் பகுதி, வாயினுள் உள்ள பல்வரிசை முதலியவற்றை ஒப்பிட்டு ஆராய்ந்த பின்னர், அம்மோனைட்டுக்கு நெருங்கிய உறவு நாட்டிலஸ் அன்று, வெளியில் ஓடே தெரியாத கணவாய்க் கூட்டம்தான் என்று கண்டனர். முகம் ஒத்திருக்கிறது, கிளை வேறு. பிறப்பால் வரும் உறவைத் தோற்றத்தால் மட்டும் தீர்மானிக்கலாகாது என்னும் பாடத்தை நம் மாவட்டத்துக் கற்களே போதிக்கின்றன.

இனி ஏரிக்கரைக்கு வருவோம். ஐப்பசி மழை பெய்து மருதையாற்றில் வெள்ளம் புரண்டு, காரைவெட்டி ஏரியிலும் மற்ற ஏரி குளங்களிலும் நீர் ஏறும்போது தவளைகளின் ஒலி ஊரை நிறைக்கும். நம் முன்னோர் தவளை, தேரை, நுணல் என்று பல பெயர்கள் வழங்கினர். விஞ்ஞானம் ஒவ்வொரு சிற்றினத்துக்கும் இரு சொற்களால் ஆன பெயரை இடுகிறது. முதற்சொல் பேரினத்தையும் இரண்டாவது சொல் சிற்றினத்தையும் குறிக்கும். நம் நாட்டுப் பள்ளிப் பாடநூல்கள் பல்லாண்டுகளாகக் கற்பித்துவந்த தவளை ‘ரானா ஹெக்ஸாடாக்டைலா’. இதற்கு 1834-இல் பெயரிட்டவர் லெசன் என்னும் பிரெஞ்சு அறிஞர். பெயருக்கு அடிப்படையானது புதுச்சேரிப் பகுதித் தவளை. ‘ஆறு விரலுடையது’ என்பது இரண்டாவது சொல்லின் பொருள். இன்று இத்தவளையின் பெயர் ‘யூஃப்ளிக்டிஸ் ஹெக்ஸாடாக்டைலஸ்’. மழைக்காலத்தில் ஆண் தவளை பொன்மஞ்சள் நிறம் பெற்று, நீலநிறக் குரற்பைகளை ஊதிக் கத்துகிறதே, அந்தப் பெருந்தவளையும் முன்பு ‘ரானா டைகரினா’; இன்று ‘ஹோப்ளோபேட்ராகஸ் டைகரினஸ்’. வீட்டு மூலையில் அமரும் தேரை முன்பு ‘பூஃபோ மெலனோஸ்டிக்டஸ்’. 2006-இல் அது ‘டத்தாஃப்ரைனஸ்’ என்னும் புதிய பேரினத்தில் சேர்க்கப்பட்டது. நம் நாட்டுத் தவளையியல் அறிஞர் சுசீல் குமார் தத்தா அவர்களைச் சிறப்பித்து இடப்பட்ட பெயர் அது.

பெயரை ஏன் மாற்றினர்? ‘ரானா’ என்பது முன்பு ஒரு பெரிய கோணிப்பையாக இருந்தது. வழவழப்பான தோலும் நீண்ட கால்களும் உடைய தவளைகளையெல்லாம் அதில் போட்டு வைத்தனர். பிறப்புறவை ஆராயத் தொடங்கியதும், அப்பையினுள் பல குடும்பங்கள் கலந்து கிடப்பது தெரிந்தது. உறவு தெளிந்தபின் பெயரும் அதற்கேற்பத் திருந்திற்று. இந்த உறவைத் தெளிவுபடுத்தப் பெரிதும் உதவியவை மரபணுக்கள். ஆனால் அந்த மரபணுக்களுக்கே பெயர் சூட்ட முற்பட்டபோது, தவளைகளுக்குப் பெயரிட்டபோது நேர்ந்த அதே குழப்பம் இன்னும் பெரிதாக எழுந்தது.

மரபணு என்பது யாது? உயிரணுவினுள் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை இருக்கிறது. நான்கே எழுத்துகளால் ஆன ஏடு என்று அதனைக் கொள்ளலாம். அவ்வேட்டில், ஒரு குறிப்பிட்ட பொருளை, பெரும்பாலும் ஒரு புரதத்தை, ஆக்குதற்குரிய கட்டளை எழுதப்பட்ட பகுதியே மரபணு. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குச் செல்லும்போது இந்த ஏடு படியெடுக்கப்படுகிறது. படியெடுக்கும்போது சில எழுத்துப் பிழைகள் நேர்கின்றன.

இந்த இடத்தில் டாக்டர் உ.வே. சாமிநாதையரை நினைவுகூர்வது பொருந்தும். இளமையில் அரியலூரில் சடகோப ஐயங்காரிடம் தமிழ் பயின்ற அப்பெரியார், பிற்காலத்தில் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பிக்கும்போது, ஒரே நூலின் பல ஏட்டுச் சுவடிகளைத் தேடிச் சேர்த்து ஒப்புநோக்கினார். சுவடிகளை ஒப்புநோக்குவோர் அறிந்த உண்மை ஒன்று உண்டு. இரண்டு சுவடிகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை காணப்பட்டால், இரண்டும் ஒரே மூலச் சுவடியிலிருந்து வந்தவையாதல் கூடும். பிழை பகிர்ந்திருப்பது உறவுக்குச் சான்று. மரபணு ஆய்வாளரும் இதையேதான் செய்கின்றனர். பல உயிர்களின் மரபணுக்களை எழுத்தெழுத்தாக அடுக்கி வைத்து, எங்கே ஒத்திருக்கின்றன, எங்கே வேறுபடுகின்றன என்று நோக்கி, அவற்றின் குலமரத்தை வரைகின்றனர்.

ஒரு சுவடி இரண்டு ஆவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒரு மடம் இரண்டு மடங்களாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் அதே நூலின் ஒவ்வொரு படியை எடுத்துச் செல்வது முதல் வழி. ஒரே மடத்தினுள் ஒரு நூலுக்கு இரண்டு படிகள் எழுதி வைப்பது இரண்டாவது வழி. முதல் வழியில், பிரிந்துபோன இரு மடங்களிலும் அந்நூல் பழைய நிலையிலேயே ஓதப்படுவது இயல்பு. இரண்டாவது வழியில், ஒரு படி பழைய பணிக்கே போதும். மற்றொரு படியில் புதுக்குறிப்புகள் ஏறி, நாளடைவில் அது வேறொரு நூலாகவே மாறிவிடக்கூடும்.

மரபணுவிலும் இவ்வாறே. ஓர் இனம் இரண்டாகப் பிரிவதனால் இரண்டான மரபணுக்களை ‘ஆர்த்தலாக்’ என்பர். நாம் நேருறவு மரபணுக்கள் எனலாம். ஓர் உயிரினுள்ளேயே ஒரு மரபணு இரட்டிப்பதனால் உண்டானவற்றைப் ‘பாரலாக்’ என்பர். நாம் பக்கவுறவு மரபணுக்கள் எனலாம். இவ்விரு சொற்களையும் 1970-இல் வால்டர் ஃபிட்ச் என்னும் அமெரிக்க அறிஞர் வகுத்தார். அதே 1970-இல் சுசுமு ஓனோ என்னும் அறிஞர், மரபணு இரட்டிப்பே பரிணாமத்தில் புதுமைகளுக்குப் பெரிய வாயில் என்று ஒரு நூல் எழுதினார்.

பக்கவுறவுக்கு ஓர் எடுத்துக்காட்டு உங்கள் ஊர்க் குளத்திலேயே உண்டு. தலைப்பிரட்டையின் குருதியில் உயிர்க்காற்றைச் சுமக்கும் ஹீமோகுளோபின் ஒரு வகை. அதுவே வளர்ந்து தவளையானபின் சுமப்பது மற்றொரு வகை. நீரிலேயே வாழும் பருவத்துக்கு ஒன்று, கரையேறி நுரையீரலால் மூச்சுவிடும் பருவத்துக்கு ஒன்று. இவற்றுக்குரிய மரபணுக்கள் ஒரு தாய் மரபணுவிலிருந்து இரட்டித்துப் பிரிந்த பக்கவுறவினர். இவ்விரண்டுக்கும் ஒரே பெயரிட்டால் குழப்பம். முற்றிலும் தொடர்பற்ற பெயர்களிட்டால் உறவு மறைந்துவிடும். குடும்பப் பெயர் ஒன்றாகவும் தலைப்பெழுத்து வேறாகவும் இருக்க வேண்டும். பெயரிடும் கலையின் சிக்கல் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது.

இச்சிக்கல் மிகுதியாக எழுந்தது ஆப்பிரிக்க நகத்தவளையில். ‘ஜெனோபஸ் லேவிஸ்’ என்பது இதன் பெயர். 1930-ஆம் ஆண்டை ஒட்டித் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் லான்சலட் ஹாக்பென் என்னும் அறிஞர் இத்தவளையை ஆராய்ந்தபோது, சில ஹார்மோன்களைச் செலுத்தினால் இது முட்டையிடுவதைக் கண்டார். அதன் பயனாக, கருவுற்ற மகளிரின் சிறுநீரைச் செலுத்திக் கருப்பத்தை உறுதிசெய்யும் சோதனை பிறந்தது. மருத்துவமனைகளுக்கென்று பல நாடுகளுக்குச் சென்ற தவளை, அங்கிருந்து ஆய்வுக்கூடங்களுக்கும் சென்றது. முதிர்ந்த உயிரணுவின் கருவிலிருந்தும் முழுத் தவளையை உண்டாக்கலாம் என்று ஜான் குர்டன் காட்டியதும் இத்தவளையில்தான். அப்பணிக்காக அவருக்கு 2012-இல் நோபெல் பரிசு கிடைத்தது.

இத்தவளைக்கு ‘ஜெனோபஸ் டிராப்பிகாலிஸ்’ என்னும் சிறிய உறவினம் ஒன்று உண்டு. சிறியதற்குக் குரோமோசோம்கள் 10 இணை. நகத்தவளைக்கு 18 இணை. ஏறத்தாழ இருமடங்கு! காரணம் என்ன? ஒரு பழைய இனம் சுமார் 3 கோடியே 40 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் இரு கிளைகளாகப் பிரிந்தது. பின்னர் சுமார் 1 கோடியே 70 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் அவ்விரு கிளைகளும் கலந்து ஓரினமாயின. பாகம் பிரிந்து தனித்தனியே வாழ்ந்த பங்காளிகள் இருவர், தத்தம் பண்டபாத்திரங்களோடு மீண்டும் ஒரே கூரையின்கீழ் குடியேறினாற்போல, இரு கிளைகளின் ஏடுகளும் ஓருயிரில் சேர்ந்தன. கணக்கில் வல்ல மாணவர், ‘பத்து இணை இருமடங்கானால் இருபது ஆகவேண்டுமே, பதினெட்டு எப்படி?’ என்று கேட்பர். நல்ல கேள்வி. நகத்தவளையின் முன்னோரில் ஒன்பதாம் குரோமோசோமும் பத்தாம் குரோமோசோமும் ஒன்றாக ஒட்டிக்கொண்டன. ஆகவே ஒவ்வொரு கிளைக்கும் ஒன்பது, இரண்டுக்கும் பதினெட்டு.

இப்போது பெயரிடுவோரின் நிலையை எண்ணிப் பாருங்கள். பெரும்பாலான மரபணுக்கள் இரண்டு படிகளாக இருக்கின்றன. தொடக்கத்தில் ஆய்வாளர்கள் ஒன்றை ‘ஏ’ என்றும் மற்றதை ‘பி’ என்றும் குறித்தனர். எது ‘ஏ’, எது ‘பி’ என்பதற்கு விதி இல்லை. முதலில் கண்டது எதுவோ அதற்கு முதலெழுத்து. ஒரு மரபணுவின் ‘ஏ’ ஒரு பங்காளியின் சொத்தாகவும், மற்றொரு மரபணுவின் ‘ஏ’ அடுத்த பங்காளியின் சொத்தாகவும் இருந்தது. எழுத்து பிரித்துக் காட்டியது, உறவைச் சொல்லவில்லை. தலைப்பெழுத்தின் இரண்டு பணிகளில் ஒன்று நடந்தது, மற்றொன்று நடக்கவில்லை.

இக்குறையைப் போக்க 2015-இல் ஒரு புதிய முறை வெளியிடப்பட்டது. இணையொத்த குரோமோசோம்களில் நீண்டது எதுவோ அதற்கு ‘நீளம்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தாகிய ‘எல்’. குட்டையானதற்குக் ‘குட்டை’ என்னும் சொல்லின் முதலெழுத்தாகிய ‘எஸ்’. மறு ஆண்டு, 2016-இல், ஜப்பானியரும் அமெரிக்கரும் முன்னின்று நடத்திய பன்னாட்டுக் குழு இத்தவளையின் முழு ஏட்டையும் படித்து வெளியிட்டது. எல் குழுவைச் சேர்ந்த குரோமோசோம்கள் அனைத்தும் ஒரு முன்னோரிடமிருந்தும், எஸ் குழுவைச் சேர்ந்தவை அனைத்தும் மற்றொரு முன்னோரிடமிருந்தும் வந்தவை என்று அப்போது உறுதியாயிற்று. 56 விழுக்காட்டுக்கு மேற்பட்ட மரபணுக்கள் இன்னும் இரு படிகளாகவே நிலைத்திருக்கின்றன. மற்றவற்றில் ஒரு படி அழிந்தது; எஸ் பக்கமே மிகுதியாக இழந்தது. இன்று நகத்தவளையின் மரபணுப் பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளியிட்டு, எல் அல்லது எஸ் என்று எழுதுகின்றனர். அந்த ஓரெழுத்தைக் கண்டவுடன், 3 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்த இரு குடும்பங்களில் இது எக்குடும்பத்தது என்று சொல்லிவிடலாம். நம் தலைப்பெழுத்து முன்னால் வரும். அதன் தலைப்பெழுத்து பின்னால் வருகிறது. அவ்வளவே வேற்றுமை.

மற்ற விதிகளையும் சுருக்கமாகச் சொல்கிறேன். ‘ஜென்பேஸ்’ என்பது நகத்தவளை ஆய்வாளருக்கான பொதுப் பதிவேடு. அதன் விதிப்படி, தவளையின் மரபணு மனித மரபணு ஒன்றுக்கு நேருறவானால், மனிதனுக்குரிய பெயரையே அதற்கும் இட வேண்டும். மனிதனுடையதைப் பெரிய எழுத்திலும் தவளையுடையதைச் சிறிய எழுத்திலும் எழுதுவர். தவளை வழியில் மட்டும் ஒரு மரபணு அருகருகே பலவாகப் பெருகியிருந்தால், புள்ளியிட்டு 1, 2, 3 என எண்ணிடுவர். பழைய நூல்களில் தவளை மரபணுக்களின் பெயர்முன் ‘எக்ஸ்’ என்னும் எழுத்து இருக்கும். ஜெனோபஸ் என்னும் பெயரின் ஆங்கில முதலெழுத்து அது. எந்த உயிரினுடையது என்று காட்ட வந்த அவ்வெழுத்து, மற்ற உயிர்களோடு உள்ள உறவை மறைத்ததனால் நீக்கப்பட்டது.

பெயர் உறவைக் காட்டினால் என்ன நன்மை என்பதற்கு ஒரு வரலாறு சொல்கிறேன். 1927-இல் நடேழ்தா டோப்ரோவோல்ஸ்கயா என்னும் அம்மையார், பிறவியிலேயே வால் குறுகிய சுண்டெலிகளைக் கண்டு ஆராய்ந்தார். அக்குறைக்குக் காரணமான மரபணுவுக்குக் ‘குட்டைவால்’ என்னும் பொருளில் ‘பிராக்கியூரி’ என்னும் கிரேக்கப் பெயர் வழங்கலாயிற்று. அம்மரபணுவின் எழுத்து வரிசை 1990-இல் தெரிந்தது. மறு ஆண்டே நகத்தவளையிலும் அதன் நேருறவைக் கண்டனர். வளர்ந்த தவளைக்கு வாலே இல்லை. அதற்குக் குட்டைவால் மரபணு! அதற்கு ‘எக்ஸ்பிரா’ என்று பெயரிட்டனர். இம்மரபணுவின் உண்மையான பணி, கருவில் இடைப்படையையும் முதுகுநாணையும் உண்டாக்குவது. தவளைக் கருவில் அதன் செயலை விரிவாகக் கண்டறிந்தனர். மனிதரில் முதுகுநாணின் எச்சத்திலிருந்து தோன்றும் ‘கார்டோமா’ என்னும் அரிய புற்றுநோய் ஒன்று உண்டு. அந்நோய் வழிவழியாக வரும் சில குடும்பங்களில் இதே மரபணு இரட்டித்திருப்பதை 2009-இல் கண்டனர். இப்போது மனிதரிலும் தவளையிலும் இம்மரபணுவுக்கு ‘டி.பி.எக்ஸ்.டி.’ என்னும் ஒரே பெயர். புற்றுநோய் மருத்துவர் ஒருவர் அப்பெயரைத் தேடினால், தவளைக் கருவில் கண்ட உண்மைகளும் அவர்முன் வந்து நிற்கும். பெயர் வேறாகவே இருந்திருப்பின், ஓர் அறையில் உள்ள விளக்கின் ஒளி அடுத்த அறைக்கு எட்டாமல் போயிருக்கும்.

இனி நம் நாட்டுத் தவளைகளுக்கு வருவோம். தவளையின் தோல் ஈரமானது. நுண்ணுயிர்கள் எளிதில் பெருகக்கூடியது. ஆயினும் அது அழுகுவதில்லை. 1987-இல் மைக்கேல் சாஸ்லாஃப் என்னும் அமெரிக்க மருத்துவர், அறுவை செய்த நகத்தவளைகளைத் தூய்மையற்ற நீரில் விட்டும் அவற்றின் புண் சீழ்பிடிக்காமல் ஆறுவதைக் கண்டு, தோலிலிருந்து நுண்ணுயிர்க்கொல்லியான சிறு புரதத் துணுக்குகளைப் பிரித்தெடுத்தார். எபிரேய மொழியில் கேடயம் என்னும் பொருள்தரும் சொல்லிலிருந்து அவற்றுக்கு ‘மகைனின்’ என்று பெயரிட்டார். 2001-இல் ஐதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்தோர் உள்ளிட்ட நம் நாட்டு ஆய்வாளர்கள், நம் ஏரிகளில் வாழும் பெருந்தவளையின் தோலிலிருந்து 11, 12 அமினோ அமிலங்களே கொண்ட நான்கு துணுக்குகளைக் கண்டனர். ‘டைகரினா’ என்னும் தவளையின் பெயரால் அவற்றுக்கு ‘டைகரினின்’ என்று பெயர். 2017-இல் திருவனந்தபுரத்து இராஜீவ் காந்தி உயிர்த்தொழில்நுட்ப மையமும் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகமும் சேர்ந்து, கேரளத்துத் தவளை ஒன்றில் இன்ஃபுளுவென்சா வைரஸ் சிலவற்றை அழிக்கும் துணுக்கு ஒன்றைக் கண்டறிந்தன. கேரளப் போர்வீரரின் ‘உறுமி’ என்னும் சுருள்வாளின் பெயரால் அதனை ‘உறுமின்’ என்றழைத்தனர்.

கேடயம் ஒன்று, வாள் ஒன்று, தவளையின் பெயர் ஒன்று. பெயர்கள் அழகியவை, ஐயமில்லை. ஆனால் இத்தகைய துணுக்குகள் நூற்றுக்கணக்கில் பெருகியபோது, ஒரே குடும்பத்துக்குப் பத்துப் பெயர்களும், ஒரே பெயருக்குப் பல பொருள்களும் ஏற்படலாயின. 2008-இல் மைக்கேல் கான்லன் என்னும் ஆய்வாளர் ரானிடே குடும்பத் தவளைகளின் துணுக்குகளுக்கு ஓர் ஒழுங்கை முன்வைத்தார். உறவுடையவற்றுக்குக் குடும்பப் பெயர் ஒன்றே. அதன்பின் தவளைச் சிற்றினத்தின் முதலெழுத்து. ஒரே தவளையில் பக்கவுறவினர் பலர் இருந்தால், அடுத்து ஏ, பி, சி என்னும் சிற்றெழுத்து. பெருந்தவளையின் உறவினமாகிய தென்கிழக்காசியத் தவளையில் கண்ட துணுக்குக்கு ‘டைகரினின்-1ஆர்’ என்று பெயர். ‘ருகுலோசஸ்’ என்னும் சிற்றினப் பெயரின் முதலெழுத்தே அந்த ‘ஆர்’. இது இன்சுலின் சுரப்பைத் தூண்டுகிறதென்று ஆய்வுகள் காட்டியுள்ளன.

உறவை எங்கே பார்த்துத் தீர்மானிப்பது என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. இத்துணுக்குகளுக்குரிய மரபணு முதலில் ஒரு நீண்ட புரதத்தை ஆக்குகிறது. அதன் வாற்பகுதி வெட்டுண்டு போர்க்கருவியாகிறது. நுண்ணுயிர்கள் மாற மாறக் கருவியும் விரைந்து மாறுவதால், வாற்பகுதிகளை மட்டும் ஒப்பிட்டால் உறவே இல்லை என்று தோன்றும். புரதத்தை இன்ன இடத்துக்குச் செல்லென்று வழிகாட்டும் முற்பகுதியோ பல தவளைகளில் அதிகம் மாறாமல் நிற்கிறது. அதை ஒப்பிட்டபோதே பல துணுக்குகள் ஒரு குலத்தவை என்று தெரிந்தது. மாறுவது கருவி, நிலைத்திருப்பது குலமுகவரி.

இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு. ‘கெருலீன்’ என்னும் தோற்சுரப்பு ஆஸ்திரேலிய மரத்தவளைகளிலும் ஆப்பிரிக்க நகத்தவளைகளிலும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாகவே இருக்கிறது. ஒரே முன்னோரிடமிருந்து வந்ததென்றுதானே சொல்லத் தோன்றும்? 2010-இல் வெளிவந்த ஆய்வு, வெவ்வேறு குடல் ஹார்மோன் மரபணுக்கள் இரட்டித்து, இரு வழிகளில் தனித்தனியே இச்சுரப்பு தோன்றியது என்று காட்டியது. அரியலூர்க் கற்களில் கண்டோமே, முகம் ஒன்று, கிளை வேறு என்று. அதே உண்மை இங்கும் நிற்கிறது. பெயர் ஒன்றாக இருப்பதனாலேயே மரபணுவும் ஒன்றென்று நம்பி ஒருவர் ஆராய்ச்சியைத் தொடங்கினால், அவர் உழைப்பு வீணாகும்.

பெயர் என்பது சிறு பொருளன்று என்பதற்கு இன்னும் ஒன்று. மனித மரபணுக்கள் சிலவற்றின் சுருக்கப் பெயர்களைக் கணினியின் அட்டவணைச் செயலி, செப்டம்பர், மார்ச்சு மாதத் தேதிகள் என்று எண்ணித் தானாகவே மாற்றிவந்தது. பல ஆராய்ச்சிக் கட்டுரைகளின் அட்டவணைகளில் மரபணுக்கள் இருக்கவேண்டிய இடத்தில் தேதிகள் ஏறின. ஆகவே மனித மரபணுப் பெயரிடற் குழு அம்மரபணுக்களின் பெயர்களையே மாற்றி, 2020-இல் புதிய வழிகாட்டு நெறிகளையும் வெளியிட்டது. கண்ணுக்குத் தெரியாத மரபணுவுக்கும் ஊர் அறிந்த பெயர் ஒழுங்காக அமைய வேண்டியிருக்கிறது.

மாணவ நண்பர்களே, இவ்வளவு சொன்னதன் சாரம் இதுதான். நல்ல பெயர் பிறப்புறவைச் சொல்ல வேண்டும். உறவைத் தோற்றத்தால் அல்லாமல், பல சான்றுகளை ஒப்புநோக்கித் தெளிய வேண்டும். தெளிவு வளரும்போது பெயரைத் திருத்தத் தயங்கலாகாது. ஆனால் பழைய பெயரைத் தூக்கி எறிந்துவிடவும் கூடாது. அதனையும் பதிவேட்டில் குறித்து வைத்தால்தான், ‘ரானா டைகரினா’ என்று முன்னோர் எழுதியதை இன்றைய மாணவர் பொருத்திப் படிக்க முடியும். பாடநூலில் பெயர் மாறிவிட்டதே என்று சலித்துக்கொள்ளும் மாணவர், அந்த மாற்றத்தின் பின்னால் ஓர் உறவு தெளிந்திருக்கிறது என்று எண்ணினால், அதே பாடம் சுவையாகத் தோன்றும்.

இதற்கு உங்களால் இயன்ற பணியும் உண்டு. தவளையைப் பிடித்து அறுக்க வேண்டாம். கல்லூரிகளில்கூட உயிரினங்களை அறுத்துப் பயிலும் முறை கைவிடப்பட்டுவிட்டது. தவளைக்கால் ஏற்றுமதியையும் நம் அரசு 1987-இலேயே தடைசெய்தது. வரும் மழைக்காலத்தில் உங்கள் ஊர் ஏரிக்கரையில் நின்று கேளுங்கள், பாருங்கள். எந்த நாளில், எந்த இடத்தில், எத்தகைய தவளை, எவ்வாறு ஒலித்தது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். ஊரார் அதற்கு வழங்கும் தமிழ்ப் பெயரையும் கேட்டு எழுதுங்கள். காரைவெட்டி ஏரி 2024-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. உலகம் மதிக்கும் நீர்நிலை நம் வாசலிலேயே இருக்கிறது. எந்த மரபணுவும் ஆய்வுக்கூடத்தில் பிறப்பதில்லை. ஏதோ ஒரு குளத்தில், ஏதோ ஓர் உயிரின் உடலில் இருக்கிறது. இடமும் நாளும் சிற்றினப் பெயரும் தவறாகக் குறிக்கப்பட்டால், அவ்வுயிரிலிருந்து படித்த மரபணுவின் பெயரும் தவறாகவே முடியும். முதற்குறிப்பு செம்மையாக இருந்தால் முடிவான பெயரும் செம்மையாக இருக்கும்.

தவளை தன் வாயால் கெடும் என்பது பழமொழி. மழையிரவில் அது எழுப்பும் ஒலியைக் கேட்டு, இன்னது இன்னாருக்கு உறவு என்று அறிய முற்படும் மாணவர் நம் ஊர்களில் பெருகினால், தவளை தன் வாயால் வாழ்ந்தது என்றும் நாம் சொல்லலாம்.